நஞ்சுக்கொடியில் லெப்டினும் அடிப்போனெக்டினும்

உயிர்வேதியியல் மாணவி:
லெப்டின் கொழுப்புத் திசுவின் ஹார்மோன் என்றே படித்திருக்கிறேன். கருவுற்ற காலத்தில் தாயின் இரத்தத்தில் அது கூடுவதற்கு, உடலில் சேரும் கொழுப்பு மட்டுந்தானா காரணம்?

மகப்பேறு மருத்துவர்:
இல்லை. லெப்டின் 1994-இல் கண்டறியப்பட்டது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியும் அதைச் சுரக்கிறது என்று காட்டினர். தாயின் இரத்தத்தைத் தொட்டிருக்கும் மேலடுக்குச் செல்களே அதை உருவாக்கி, பெரும்பகுதியைக் குழந்தையின் பக்கம் அல்லாமல் தாயின் பக்கமே அனுப்புகின்றன. பிரசவம் முடிந்ததும் அளவு விரைவாகச் சரிவது இதற்கு நல்ல சான்று. நஞ்சுக்கொடிக்குள்ளேயே அது, புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்களைக் குழந்தைக்குக் கடத்துவதையும் தூண்டுகிறது.

ஆய்வு மாணவர்:
மருத்துவர் கூறியதோடு, கொழுப்புத் திசுவின் மற்றொரு ஹார்மோனான அடிப்போனெக்டினையும் சேர்க்க வேண்டும். என் பார்வையில் அதுவே கூடுதல் சுவையானது. தசையிலும் கல்லீரலிலும் இன்சுலினுக்குத் துணைநிற்கும் இந்த ஹார்மோன், நஞ்சுக்கொடியில் அதற்கு நேர்மாறாக, இன்சுலினின் தூண்டுதலைத் தடுத்து அமினோ அமிலக் கடத்தலைக் குறைக்கிறது. உடல் பருமனோ கர்ப்பகால நீரிழிவோ உள்ள தாய்மாரிடம் அடிப்போனெக்டின் குறைந்திருப்பதால், அந்தத் தடை தளர்ந்து குழந்தை அளவுக்கு மீறி வளர வாய்ப்புண்டு.

உயிர்வேதியியல் மாணவி:
நன்றி. அப்படியானால் லெப்டின் அளவை வைத்தே முன்சூல்வலிப்பை, அதாவது கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம் உயரும் நோயை, கணிக்கலாமா?

மகப்பேறு மருத்துவர்:
அந்நோயில் லெப்டின் உயர்வது உண்மையே. ஆயினும் தாயின் எடையும் அதனை உயர்த்துவதால், அதை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது. நாங்கள் முதலில் பார்ப்பது இரத்த அழுத்தத்தையும் சிறுநீரிலுள்ள புரதத்தையுமே.