ஒரு பாட்டில் ஒயினுக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம்?

கோப்பை:
ஒரே கடை, ஒரே திராட்சை ரகம், அதே 750 மி.லி. ஆனால் ஒரு பாட்டிலுக்கும் பக்கத்துப் பாட்டிலுக்கும் விலையில் இருபது மடங்கு வித்தியாசம். எனக்கு மூன்று தேவை: எட்டுப் பேர் விருந்துக்கு, ஒயின் தெரிந்த ஒருவருக்குப் பரிசாக, சமையலுக்குக் கொஞ்சம். எதற்கு எவ்வளவு வரை போகலாம்? விலை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், கடையில் இருப்பதிலேயே மலிவான பாட்டிலை 1 என்று வைத்து மடங்குக் கணக்கில் சொல்லுங்கள்.

துவர்ப்பு:
1 மடங்கில் வாங்குவதுதான் பெரும்பாலும் நஷ்டம். கண்ணாடி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, ஏற்றுக்கூலி எல்லாம் மட்டமான ஒயினுக்கும் நல்ல ஒயினுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். லிட்டர் கணக்கில் வரி போடும் நாடுகளில் வரியும் அப்படியே. கணக்குக்காக ஒரு உதாரணம்: விலை 10 என்றால் நிலையான செலவு 6, கடை லாபம் 3, உள்ளே இருக்கும் சரக்குக்கு 1. விலை 20 ஆனால் நிலையான செலவு அதே 6, லாபம் 6, சரக்குக்கு 8. விலை இரண்டு மடங்கு, சரக்குக்குப் போகும் காசு எட்டு மடங்கு. எண்கள் கற்பனைதான், போக்கு நிஜம். வரியை விலையில் சதவீதமாக வசூலிக்கும் இடத்தில் இந்தப் பாய்ச்சல் குறையும்.

என் கணக்கில் அன்றாடத்துக்கு 2 முதல் 3 மடங்கு. அதற்கு மேல் ஒவ்வொரு மடங்குக்கும் கிடைக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகும்.

பீப்பாய்:
சுருங்கும், ஆனால் 3-க்கு மேல் எல்லாம் வெறும் பெயருக்கு என்று நினைத்துவிட வேண்டாம். விலை கூடிய ஒயின் பலவற்றை ஓக் மரப் பீப்பாயில் ஊறவைப்பார்கள்; 225 லிட்டர் பீப்பாயில் 300 பாட்டில்தான் வரும். புதுப் பீப்பாய் விலை அதிகம், அதிலும் பிரெஞ்சு ஓக் அமெரிக்க ஓக்கைவிட அதிகம். மூன்று நான்கு வருடம் நிரப்பினால் மர வாசனை அநேகமாகத் தீர்ந்துவிடும். 1 மடங்கு ஒயினில் வனிலா வாசனை தூக்கலாக அடித்தால், பெரும்பாலும் தொட்டியில் ஓக் சில்லு ஊறப்போட்டது. அது தப்பில்லை, அதற்குப் பீப்பாய் விலை கொடுப்பதுதான் தப்பு.

அடுத்த செலவு காத்திருப்பு. ஸ்பெயினின் ரியோகா வட்டாரச் சிவப்பு ஒயினில் லேபிளில் கிரியான்சா என்று போட்டது 2 வருடம், ரிசர்வா 3, கிரான் ரிசர்வா 5 வருடம் கழித்துத்தான் விற்பனைக்கு வரலாம் என்பது விதி. வேறு பல நாடுகளில் லேபிளில் ‘ரிசர்வ்’ என்று போட எந்த விதியும் கிடையாது; அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். பாட்டில் கனமாக இருப்பதும், அடியில் குழி ஆழமாக இருப்பதும் அப்படித்தான். கண்ணாடிக்குத்தான் காசு.

நுரை ஒயினில் மிச்சம் பிடிப்பது சுலபம். ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, குறைந்தது 15 மாதம் கிடக்க வேண்டும். ஸ்பெயினின் காவா, பிரான்ஸின் கிரெமான் இரண்டும் அதே முறைதான், ஈஸ்ட் வண்டலோடு 9 மாதம். விலை பாதிக்கும் கீழே இருக்கும். இத்தாலியின் பிரொசெக்கோ பெரும்பாலும் பெரிய எஃகுத் தொட்டியில் நொதிப்பது, அதற்கு ஏறிய விலை கொடுக்கக் காரணமே இல்லை.

6 மடங்கைத் தாண்டினால் காசு போவது நில மதிப்புக்கும் ஊர்ப் பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும். பிரான்ஸின் போர்டோ வட்டாரத்தில் 1855-ல் ஒயின் தரவரிசை போட்டவர்களே அன்றைய சந்தை விலையை வைத்துத்தான் போட்டார்கள்! 1976-ல் பாரிஸில் லேபிளை மறைத்துச் சுவைத்தபோது, சிவப்பு, வெள்ளை இரண்டிலும் பிரெஞ்சு நடுவர்கள் முதலிடம் கொடுத்தது கலிபோர்னியாவுக்கு.

கார்க்:
கேட்ட மூன்றுக்கும் வருகிறேன்.

விருந்து: 150 மி.லி. ஊற்றினால் பாட்டிலுக்கு 5 கோப்பை. எட்டுப் பேருக்கு ஆளுக்கு இரண்டரை என்றால் 20 கோப்பை, 4 பாட்டில். கூட ஒன்று வாங்குங்கள். கார்க்கில் கெட்டுப்போன பாட்டில் எந்த விலையிலும் வரும். நனைந்த அட்டை வாடை அடித்தால் அதுதான், காற்றாட விட்டாலும் போகாது, கடையில் திருப்பிக் கொடுக்கலாம். 2 மடங்கு போதும், வெப்பநிலையில் கவனம் வையுங்கள். வெள்ளை 8–10 டிகிரி, சிவப்பு 16–18. சூடான அறையில் இருந்த சிவப்பு ஒயினை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வரும். ரொம்பக் குளிர்ந்தால் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் நாக்கில் நிற்கும். 5 மடங்கு பாட்டிலைத் தப்பான சூட்டில் ஊற்றினால் 2 மடங்கு பாட்டிலிடம் தோற்கும்.

சமையல்: இங்கே மட்டும் 1 போதும். கொதித்தால் நுண்ணிய மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். புளிப்பு நிற்கும், இனிப்பும் துவர்ப்பும் வற்ற வற்ற ஏறும். அதனால் இனிப்பில்லாத, ஓக் இல்லாத, துவர்ப்புக் குறைந்த ஒயின். ஓக் தூக்கலானது வற்றினால் குழம்பு கசக்கும். சமையலுக்கென்றே உப்புச் சேர்த்து விற்பதைத் தொடாதீர்கள்.

பரிசு: 4 மடங்கு. பெரிய ஊரின் கடைசிப் பாட்டிலைவிடச் சின்ன ஊரின் முதல் பாட்டில் மேல். உதாரணமாக பிரான்ஸில், அதே காசுக்குப் பெயர்பெற்ற பர்கண்டியில் சாதாரணம்தான் கிடைக்கும். பொஜொலேயில் மோர்கோன், மூலன்-ஆ-வான் போன்ற, அந்த வட்டாரத்தின் சிறந்த பகுதிகளின் பெயர் போட்டதே கிடைக்கும். ஒயின் தெரிந்தவருக்கு அந்த வித்தியாசம் புரியும்.

கோப்பை:
நன்றி. பரிசுக்கு 4 மடங்கில் வாங்கி, அவர் பத்து வருடம் வைத்திருந்தால் இன்னும் நன்றாகுமா?

துவர்ப்பு:
பெரும்பாலான ஒயின் ஆகாது, சில வருடத்தில் பழ மணம் போய்த் தட்டையாகிவிடும். புளிப்போ துவர்ப்போ இனிப்போ பலமாக இருப்பதுதான் தாங்கும். அதற்கும் 12–14 டிகிரியில், வெளிச்சம் படாமல், கார்க் நனைந்திருக்கப் படுக்கவைத்திருக்க வேண்டும். அந்த வசதி அவரிடம் இல்லையென்றால் இந்த வருடமே திறக்கும்படி ஒரு சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.