மலைப் பாட்டுக்கு சுருதி பெட்டி வெச்சது தப்பா?

சேலத்து_ஸ்வரம்:
வணக்கம்ங்க. இசை ஆசிரியர் பயிற்சி படிக்கிறேன், ஊரு அம்மாபேட்டை. டீச்சிங் பிராக்டீஸுக்கு ஏற்காட்டுல ஒரு ஸ்கூல் போட்டாங்க. அங்க சத்துணவு ஆயா பாத்திரம் கழுவும்போது சேர்வராயன் திருவிழா கும்மிப்பாட்டு ஒண்ணு பாடுவாங்க, கேட்டு புல்லரிச்சுப்போய் போன்ல ரெக்கார்ட் பண்ணி ராத்திரி பூரா உக்காந்து ஸ்வரம் எழுதி, அஞ்சு கட்டை சுருதில சுருதி பெட்டி (பாட்டுக்கு அடியில ஒரே ஆதார ஸ்வரத்தை ஒலிச்சுக்கிட்டே இருக்குற பெட்டி) வெச்சு ஆதி தாளத்துல (எட்டு எண்ணிக்கை தாளம்) அடக்கி ஆறாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தேன். பாக்க வந்த மேடம் சூப்பர்னாங்க. கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு மட்டும் "நல்லா இருக்குக்கா, ஆனா இது எங்க பாட்டு இல்ல"ன்னுச்சு.

ஆயா பாடுற காந்தாரம் ('க' ஸ்வரம்) சாதாரணமும் (கீழ் 'க') இல்ல அந்தரமும் (மேல் 'க') இல்ல, ஆர்மோனியத்துல ரெண்டு கட்டைக்கு நடுவுல எங்கயோ நிக்குது. நான் அதை சாதாரண காந்தாரமா 'சரி' பண்ணிட்டேன். பாட்டை கெடுத்துட்டேனா? அசல்னா என்னதான்ங்க?

பம்பைவீடு:
எங்கப்பா ஆடி மாசம் கோட்டை மாரியம்மனுக்கு பம்பை அடிக்கிறவரு. மழையில நனைஞ்சா தோல் தொங்கிப்போகுதுன்னு பைபர் மாத்தி பல வருஷம் ஆச்சு. அருள் வர்றவங்க ஆட்டுத்தோலா பைபரான்னு பாத்துட்டா வர்றாங்க? சும்மா குழப்பிக்காதீங்க.

ரிடையர்டு_வாத்தியார்:
தம்பி சொல்றது பாதி சரிம்மா. வயலினே வெள்ளைக்காரன் கொண்டாந்தது, முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர் கத்துக்கிட்டு நம்ம பாட்டுக்குள்ள கொண்டாந்தாரு, இப்ப அது இல்லாம கச்சேரி உண்டா? நாம கேக்குற நாதஸ்வரமும் பழைய திமிரி (குட்டையானது, சுருதி கூடினது) இல்ல, நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை காலத்துல நிலைச்ச பாரி (நீளமானது, சுருதி தணிஞ்சது). ஆர்மோனியத்துக்குத்தான் சோதனை. கமகம் (ஸ்வரத்தை அசைச்சு வழுக்கிக் கொண்டு போறது) வராதுன்னு 1940-ல ஆல் இந்தியா ரேடியோ தடையே போட்டுச்சு, சுமார் 30 வருஷம் உள்ள விடல. (அப்பவும் நம்ம பக்கம் தெருக்கூத்துல அது பாட்டுக்கு வாசிச்சிட்டுதான் இருந்தாங்க, அது வேற கதை.)

ஆனா ஒண்ணு. வயலினை எடுத்தவங்க தரையில உக்காந்து, அதோட தலையை கணுக்கால்ல முட்டுக் குடுத்து, கை வழுக்கி வழுக்கி ஓடுற மாதிரி அதை நம்ம பாட்டுக்கு வளைச்சாங்க. நீ பாட்டை பெட்டிக்கு வளைச்சுட்ட.

காப்பித்தோட்டம்:
நான் மேல இருக்குற மலையாளிங்க. உடனே கேரளாவான்னு கேக்காதீங்க, மலையை ஆளுறவங்க, காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னு பெரியவங்க சொல்லுவாங்க, பேசுறது தமிழ்தான். அக்கா, இது உக்காந்து பாடுற பாட்டே கிடையாது. வட்டமா சுத்தி வரணும், குனிஞ்சு நிமிரும்போது மூச்சு எங்க வாங்குதோ அங்கதான் இழுப்பு. ஆதி தாளத்துல அந்த இழுப்பு எங்க போகும்? மத்தபடி எங்க அத்தை போன திருவிழால சினிமா மெட்டு ஒண்ணையே நடுவுல சொருகிட்டாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. அது இருக்கட்டும், ஆயாகிட்ட போட்டுக் காட்டுனீங்களா?

சேலத்து_ஸ்வரம்:
இல்லைங்க, தோணவே இல்ல. இதைப் படிச்சுட்டு இன்னைக்குதான் புள்ளைங்க பாடுனதை போட்டுக் காட்டுனேன். கேட்டுட்டு ஒரே சிரிப்பு, "ஏன் கண்ணு, எழவு வீடு மாதிரி இழுக்குறீங்க"ன்னாங்க. காந்தாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஆனா மூணாவது அடில வார்த்தையே தப்பாம், அவங்க பாடுறது 'தெனம்', நான் நோட்டுல 'தினை'ன்னு எழுதி வெச்சிருக்கேன். மலைன்னதும் தினைன்னு காதே முடிவு பண்ணிருச்சு போல.

வியாழக்கிழமை ஸ்கூல் கிரவுண்டுல ஆயாவே நின்னு சுத்த விடுறேன்னு சொல்லிருக்காங்க. பெட்டியை எடுத்துட்டுப் போகல. 20 ஹேர்பின் பெண்டும் அதை மடில வெச்சுக்கிட்டு வாந்தியை அடக்குற வேலை மிச்சம்.