புதுப்பிப்பு: ஸ்பைக்ஸ் வாங்கியாகிவிட்டது

கடலூரில் நான் படித்த கல்லூரியின் தடகள அணிக்கு நல்ல ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) கூட இல்லை, பணம் திரட்ட என்ன வழி என்று போன மாதம் கேட்டிருந்தேன். அமெரிக்கக் கல்லூரிகள் கோல்ஃப் போட்டி நடத்தி விளையாட்டுக்கு நிதி சேர்ப்பதை ஒருவர் சொன்னார். நமக்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. அங்கே பீச் வாலிபால் வைத்தோம். அணிக்கு 2 பேர், கட்டணம் 500 ரூபாய். 24 அணிகள் வந்தன.

காலையில் வலைக் கம்பம் மணலில் நிற்கவே இல்லை. எவ்வளவு ஆழம் தோண்டினாலும், வலையை இழுத்துக் கட்டியதும் உள்பக்கம் சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த மீனவர் அண்ணன் ஒருவர் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, கம்பத்துக்குப் பின்னால் முழங்கால் ஆழத்தில் புதைத்தார். சாயங்காலம் வரை அசையவில்லை. "காசெல்லாம் வேணாம் தம்பி, புள்ளைங்க ஓடட்டும்" என்றார்.

கட்டணமும் வந்தவர்கள் தந்ததும் சேர்த்து 8 ஜோடி ஸ்பைக்ஸ், பெண்களுக்கான 600 கிராம் ஈட்டி ஒன்று வாங்கினோம். அணியில் ஈட்டி எறிகிற பிள்ளை இதுவரை ஆண்களின் 800 கிராம் ஈட்டியில்தான் பயிற்சி செய்தாள். புதியதைக் கையில் வாங்கி, பிடியில் சுற்றிய கயிற்றை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

அப்புறம், ஸ்பைக்ஸ் வாங்கித் தர நினைக்கிறவர்களுக்கு: சிந்தெடிக் ஓடுதளத்தில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 வரை. ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் காட்டுகிறேன்.