புதுப்பிப்பு: ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸாஸ்ட் டிப் மாட்டியாச்சு

புகைக்குழாயின் முனையில் அழகுக்கு மாட்டும் எக்ஸாஸ்ட் டிப்பை குரோம் பூசியதாக வாங்குவதா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வாங்கும் முன் வெர்னியர் அளவுகோலில் புகைக்குழாயின் வெளிவிட்டத்தை அளக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. குழாய் 63 மி.மீ., அதனால் உள்விட்டம் 66 மி.மீ. உள்ள 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிப் வாங்கி, வெல்டிங் இல்லாமல் போல்ட் போட்டு இறுக்கும் கிளாம்பிலேயே மாட்டியாச்சு. குரோம் பூச்சு உரிந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும், ஏற்காட்டு ஈரத்துக்கு அது வேண்டாம். சத்தம் மாறவில்லை, அது மஃப்ளரின் (சைலன்சரின்) வேலை.

எதிர்பார்க்காதது ஒன்று: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியதும் கிளாம்ப் போல்ட் லேசாகத் தளர்ந்திருந்தது, சூடு ஆறியதும் திரும்ப முறுக்கினேன், அப்புறம் அசையவே இல்லை. சைலன்சர் ரப்பரில் தொங்குவதால் வளைவில் ஆடும், பம்பருக்கும் டிப்புக்கும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். விளிம்பில் பொன்னிறம் ஏறியிருக்கிறது, சூட்டில் அப்படித்தான் ஆகும், எனக்கு அது பிடித்தே இருக்கிறது.