மஞ்சள் கட்டம் என்றார்கள், மூன்று மாதத்தில் அப்பாவுக்கு மாரடைப்பு. அந்த அட்டவணையை நம்பலாமா?

முல்லைமகள்:
அப்பாவுக்கு 58 வயது, புதுக்குடியிருப்புப் பக்கம் வயல் செய்கிறார். மாசியில் ஒரு கிளினிக்கில் பிரஷர் பார்த்து, நிறை உயரம் அளந்து, நிறம் நிறமாகக் கட்டம் போட்ட அட்டவணையில் விரலை வைத்து, மஞ்சள், பத்து வருடத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வர 7 வீத வாய்ப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வைகாசியில் வரம்பில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். உயிர் தப்பியது பெரிய விஷயம். 7 என்று எழுதிய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது, பார்க்கப் பார்க்கக் கோபம் வருகிறது. இப்படிக் கணக்குப் பார்த்து நோயைச் சொல்வதை நம்பலாமா?

மாங்குளம் தாதி:
தங்கச்சி, அப்பா தப்பியது ஆறுதல். அன்று இரத்தம் எடுத்தார்களா? உலக சுகாதார நிறுவனம் 2019இல் திருத்திய அட்டவணையில் இரண்டு வகை உண்டு. இரத்தப் பரிசோதனை இருந்தால் ஒன்று, அதில் சீனி வருத்தமும் கொலஸ்ட்ரோலும் சேரும். இல்லாவிட்டால் மற்றது: வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், பிரஷர், உயரத்துக்கு ஏற்ற நிறையா என்பது, அவ்வளவுதான். சீனி இருந்தாலும் இந்த இரண்டாவதுக்கு அது தெரியவே தெரியாது. பரம்பரையில் யாருக்கு இருந்தது என்று இரண்டும் கேட்பதில்லை. அதையெல்லாம் வாயால் கேட்க வேண்டியது எங்கள் வேலை, சனம் கூடின நாளில் அதுதான் விடுபடுகிறது.

வவுனியாவில் படித்தவன்:
அக்கா, 7 வீதம் என்றால் அப்பாவைப் போன்ற 100 பேரில் 7 பேருக்கு வரும் என்பதுதான். அந்த ஏழில் அப்பா இருக்கிறாரா என்று அட்டவணையால் சொல்ல ஏலாது. ஆகவே இந்த ஒன்றை வைத்து அது பிழை என்றும் சொல்ல ஏலாது, சரி என்றும் சொல்ல ஏலாது. 7 என்று குறித்த நூற்றுக்கணக்கானவர்களைப் பத்து வருடம் விடாமல் பார்த்து, உண்மையில் நூற்றுக்கு ஏழா பதினைந்தா என்று எண்ணினால்தான் தெரியும்.

என் கவலை அங்கேதான். 85 ஆய்வுகளின் தரவில் கணக்கை உருவாக்கி, பிறகு உலகத்தை 21 பிராந்தியமாகப் பிரித்து அதற்கேற்பச் சரிசெய்திருக்கிறார்கள். இலங்கை தென்கிழக்காசியாவில், தாய்லாந்து இந்தோனேசியாவோடு. கொழும்பில் கந்தோரில் இருப்பவருக்கும், செல்லடியில் ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து பற்றை வெட்டி வயல் செய்தவருக்கும் ஒரே கட்டம்.

பொருத்திப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றி உடலுறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) வருவதை முன்கூட்டிச் சொல்லும் கணினி எச்சரிக்கை ஒன்று நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது, 2021இல் மிச்சிகனில் தங்கள் நோயாளர்களை வைத்துச் சரிபார்த்தபோது செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேரை அது தவறவிட்டிருந்தது.

முல்லைமகள்:
இரத்தம் எடுக்கவில்லை அக்கா. மாரடைப்போடு சேர்த்த பிறகுதான் சீனி இருப்பதே தெரிந்தது, கனகாலமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்பப்பா எதனால் செத்தவர் என்றும் கேட்டார்கள். 2009இல் மாத்தளன் பக்கம் போகும்போது வீட்டுக் காகிதமெல்லாம் போய்விட்டது, "நெஞ்சு நோகுது என்று படுத்தவர், எழும்பேல்லை" என்று அம்மா சொன்னது மட்டும்தான் இருக்கிறது. சித்தப்பாவுக்கு 54. நாளைக்கு வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போகிறேன், கொலஸ்ட்ரோலும் பார்க்கச் சொல்லவா?

மாங்குளம் தாதி:
ஓம், கட்டாயம். அம்மா சொன்னதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.