பெங்களூருவில் நடக்கும் சொத்து மேலாளர் மாநாட்டுக்குப் போவது ஓசூர்க்காரருக்குப் பயன்படுமா?

மூக்கண்டப்பள்ளி மேலாளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் 96 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நான்கு ஆண்டுகளாக மேலாளராக இருக்கிறேன். வெளியூரில் இருக்கும் உரிமையாளர்கள் சிலருக்காக வீடுகளை வாடகைக்கு விடுவது, வாடகை வசூலிப்பது, காலி செய்யும்போது முன்பணக் கணக்கை முடிப்பது ஆகியவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் பெங்களூருவில் சொத்து மேலாளர்களுக்கென இரண்டு நாள் மாநாடு நடக்கிறது. பதிவுக் கட்டணம் 7,000 ரூபாய். அதில் பாதியை எங்கள் குடியிருப்போர் சங்கம் தரும் என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். பொருளாளரோ, "போய் வந்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். எனக்குத்தான் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஆங்கிலம் புரியும், பேசுவதற்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. முன்பு போய் வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாகலூர் சாலை:

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் முழுவதையும் வீணடித்தேன் என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். அரங்கில் உட்கார்ந்து எல்லா உரைகளையும் கேட்டேன். மாலையில் பார்த்தால் பையில் பதினோரு விளம்பரக் கையேடுகளும் ஒரு சாவிக்கொத்தும்தான் இருந்தன. இரண்டாம் நாள் எங்கள் கட்டடத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பதிவேடு, ஆறு மாத டேங்கர் லாரி ரசீதுகள், ஆழ்துளைக் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு போனேன். அதன் பிறகுதான் பேச்சு உருப்படியாக நடந்தது.

ஒரு ஸ்டாலில் நீரை மென்மையாக்கும் இயந்திரத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்பனையாளர் சோப்பு நுரை வருவதைக் கண்ணாடிக் குவளையில் காட்டி, இதுவே போதும் என்றார். நான் பரிசோதனை அறிக்கையை நீட்டி, ஃபுளோரைடு என்ற வரியின் மேல் விரலை வைத்தேன். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள் இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது? குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நீரை மென்மையாக்கும் இயந்திரம் சுண்ணாம்புச் சத்தை நீக்குமே தவிர ஃபுளோரைடை நீக்காது, அதற்கு ஆர்.ஓ. அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி வேண்டும். அறிக்கையைப் பார்த்த பிறகுதான் அவர் உள்ளே இருந்த பொறியாளரை அழைத்தார். கையில் தாள் இல்லாமல் போயிருந்தால் அந்த இயந்திரத்தை வாங்கும்படி சங்கத்துக்கு நானே பரிந்துரைத்திருப்பேன்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தேநீர் இடைவேளையில் பாதிப் பேர் தமிழிலும் தெலுங்கிலும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தர்மபுரி வணிக வளாகம்:

முன்னவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சட்ட அமர்வுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டினால் சட்டம் வேறு. அங்கே பேசப்படுவது கர்நாடக அடுக்குமாடிச் சட்டமும் அம்மாநில வாடகை நடைமுறையும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூருவில் நெடுநாள் வழக்கம். நம் மாநிலத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்யப்பட வேண்டும்.

தம்பி, உங்களைப் போன்றவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. சொத்து மேலாளர் என்பவரை அது தனியாகவே குறிப்பிடுகிறது: உரிமையாளர் ஒருவரை நியமித்தால் அவர் யார், எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு அதிகாரம் பெற்றவர் என்பதையெல்லாம் வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். வாய்மொழியாக "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளிநாடு போன உரிமையாளர்களிடம் முதலில் எழுத்துமூலமான அதிகாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநாட்டை விட இது அவசரம்.

ஜி.எஸ்.டி. அமர்வை மட்டும் தவறவிட வேண்டாம், அது நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் சங்கத்தில் மாதப் பராமரிப்புக் கட்டணம் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 விழுக்காடு வரி உண்டு. தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019இல் சுற்றறிக்கை வந்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்று தீர்ப்பளித்தார். உங்கள் ஆடிட்டர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொண்டு போனால், அங்கே சரியான கேள்வியைக் கேட்கலாம்.

காவேரிப்பட்டணம்:

அறை எடுக்க வேண்டாம், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். காலை ஆறரைக்குள் பேருந்து ஏறிவிடுங்கள். அதற்குப் பிறகு எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் முதல் அமர்வு முடிந்துவிடும்.

மூக்கண்டப்பள்ளி மேலாளர்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு இரண்டு உரிமையாளர்களுக்கு அதிகாரக் கடிதம் கேட்டு எழுதிவிட்டேன். பொருளாளருக்கான தாளில் ஃபுளோரைடு, ஜி.எஸ்.டி., கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்செலவு என்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்துவிட்டு, நான்காவதாகத் தம் கையாலேயே ஒன்றைச் சேர்த்துக் கையெழுத்திட்டார்: "லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கம்பிக்கயிறு மாற்றும் செலவு அடங்குமா, மற்ற இடங்களில் எப்படி என்று விசாரித்து வரவும்."