நாலு பெண்ணுக்கு அப்புறம் அஞ்சாவது பையன்தானா?

தேனிக்காரன்:
என் அக்காவுக்கு நாலும் பெண். புகுந்த வீட்டில் இன்னொன்று பெற்றுக்கொள்ளச் சொல்லி நெருக்குகிறார்கள். "நாலு தடவை பெண் ஆயிடுச்சு, கணக்குப்படி இந்தத் தடவை பையன்தான்" என்கிறார் மாமா. அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா?

வைகை ராசு:
இருக்கிறது தம்பி. "அஞ்சாவது பெண் கெஞ்சினாலும் கிடைக்காது" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? வரிசையாக ஐந்து பெண் பிறக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்புக்கூட இல்லை. மீதி 97 பையனுக்குத்தானே?

கணக்கு டீச்சர்:
இல்லை அண்ணா. அந்த மூன்று, முதல் குழந்தை பிறக்கும் முன்பே போடுகிற கணக்கு. ஐந்து குழந்தை பெறப்போகும் ஆயிரம் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். இயற்கையில் 100 பெண்ணுக்குச் சுமார் 105 பையன் பிறக்கிறது. அந்த விகிதத்தில் முதல் நாலும் பெண்ணாக அமைவது 57 குடும்பங்களில். அக்கா இப்போது இந்த 57-க்குள் இருக்கிறார். மற்ற 943 குடும்பங்களைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இந்த 57-இல் அஞ்சாவது பையன் 29 வீட்டில், பெண் 28 வீட்டில். அவ்வளவுதான் வித்தியாசம்.

வைகை ராசு:
காகிதத்தில் சரி. எங்கள் ஊரில் வரிசையாகப் பெண் பிறந்த வீடுகளில் கடைசிக் குழந்தை பையனாகத்தான் இருக்கிறதே?

கணக்கு டீச்சர்:
பையன் பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் கடைசி பையன்! பெண் பிறந்திருந்தால் அது கடைசியாக இருந்திருக்காது.

மருந்தாளுநர்:
ஒரு திருத்தம். பிரசவங்கள் ஒன்றையொன்று முழுக்கச் சாராதவை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சாக்சனியில் 12 குழந்தை பெற்ற 6,115 குடும்பங்களின் கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு குழந்தையுமே பையனாக 7 குடும்பம், பன்னிரண்டுமே பெண்ணாக 3. வெறும் நிகழ்தகவுப்படி முறையே சுமார் 2-ம் 1-ம்தான் வந்திருக்க வேண்டும். அதாவது சாய்வு என்று ஒன்று இருந்தால், அது அதே பாலே திரும்பப் பிறக்கும் பக்கம்தான். மாமா சொல்வதற்கு நேர் எதிர்.

வைகை ராசு:
சரி, பாதிக்குப் பாதி என்றே வையுங்கள். பாதி வாய்ப்பு இருக்கும்போது முயற்சி செய்தால் என்ன?

தேனிக்காரன்:
நாலாவது பிரசவத்தில் அக்காவுக்கு ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள் அண்ணா. அடுத்ததில் ஆபத்து கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த 29-க்கு 28 கணக்கை இன்றைக்கே மாமாவுக்கு அனுப்புகிறேன்.